அறுந்து வந்த சொல்

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் காலை பஸ்ஸில் எனக்கு எப்படியும் உட்கார இடம் கிடைத்துவிடும். துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பவர்களிடம், துண்டுக்கு டிக்கெட் வாங்கினீர்களா என்று கேட்பேன். இரண்டு வருடத்தில் அந்த ரூட்டில் எல்லோருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. நான் ஏறியதும் நகர்ந்து உட்காருவார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அந்தக் காஞ்சனா கோபக்காரி, கோபத்தில் ஏதோ செய்திருப்பாள் என்று நாளைக்கு யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். நான் கோபத்தில் செய்யவில்லை. நிதானமாகத்தான் செய்தேன்.

மேடம், நேற்று நீங்கள் எங்கள் ஆபீஸுக்கு விசாரணைக்கு வந்தபோது, தெலுங்கில் எழுதவா என்று கேட்டேன். "நான் வேலூரில் படித்தவள். உனக்கு எது வருமோ அதில் எழுதிக் கொடு" என்றீர்கள். எனக்கு இரண்டும் வரும். நகரி பக்கம் எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ஆனால் இதைத் தமிழில்தான் எழுத முடியும் என்று தோன்றுகிறது. திங்கட்கிழமை உங்கள் அறிக்கை சித்தூர் போகிறது என்றீர்கள். ஆஸ்பத்திரியில் தனபாக்கியம் அம்மா இறந்ததற்குப் பொறுப்பு எங்கள் ஆபீஸ் சுரேஷ்பாபு சார் என்று அதில் இருக்கும். அது கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி மற்றவர்களுடைய சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு சர்வர் திடீரென்று செத்துப்போனால், சாகிற நொடியில் அதன் நினைவகத்தில் என்னென்ன இருந்ததோ அதை அப்படியே நகல் எடுத்து, நெட்வொர்க் வழியாக எங்கள் ஆபீஸ் மெஷினுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகுதான் திரும்ப எழுந்திருக்கும். அந்த நகலுக்கு டம்ப் என்று பெயர். பிரேதப் பரிசோதனை மாதிரி அதைப் பிரித்துப் பார்த்து ஏன் செத்தது என்று சொல்வது என் வேலை. ஆபீஸில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நகல் போய்ச் சேரும்வரை அந்த மெஷின் வேறு எதுவும் செய்யாது. இது முக்கியம். நினைவகம் முழுவதையும் அனுப்பச் சொன்னால் இருபது நிமிடம் பக்கத்தில் ஆகும். தேவையானதை மட்டும் வடிகட்டி அனுப்பச் சொன்னால் இரண்டு நிமிடம் போதும். எவ்வளவு அனுப்புவது என்பது ஒரே ஒரு எண். அதை மாற்ற ஒரு நொடி.

ஆஸ்பத்திரியின் இதய வார்டில் பதினெட்டு படுக்கைகள். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு பெட்டி. பெட்டிகளின் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள், நோயாளிகள் தூங்கவேண்டும் என்று. பதினெட்டு பேருடைய நாடித் துடிப்பும் ஒரு சர்வருக்கு வந்து, நர்ஸ்கள் உட்காரும் இடத்தில் பெரிய ஸ்கிரீனில் ஓடும். யாருக்காவது துடிப்பு தப்பினால் அங்கேதான் மணி அடிக்கும். அந்த சர்வர் எங்கள் பொறுப்பு. அதை நேரில் போய்ப் பார்ப்பவர் சுரேஷ்பாபு சார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது. நாயுடுபேட்டைக்காரர். எங்கள் மேனேஜர் முரளிதரன் சாருக்கும் அதே ஊர். சுரேஷ்பாபு சார் பேசும் தமிழ் பாதி என்னிடம் கற்றது, பாதி என்னைக் கிண்டல் பண்ணுவதற்காகக் கற்றது. தினமும் மதியம் என் நாற்காலியைத் தட்டி, "ஏமம்மா அரவ மேடம், துன்னியா?" என்பார். அரவம் என்றால் தெலுங்கில் தமிழ். ஆந்திராவிலேயே பிறந்து ஆந்திராவிலேயே படித்தவளை அரவ மேடம் என்றால் எப்படியிருக்கும். ஒருநாள், "சாப்பிட்டியான்னு கேளுங்க சார். துன்னியான்னு எங்க வூட்லதான் கேப்பாங்க" என்றேன். "அப்போ நானும் உங்க வூடுதானே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. என்னைப் பார்த்து யார் சிரித்தாலும் நான் கணக்கில் வைத்துக்கொள்வேன்.

தனபாக்கியம் அம்மா இறந்த வாரம், திங்கட்கிழமை காலை அந்த சர்வர் விழுந்தது. அப்போது முழு நினைவகமும் அனுப்பும்படிதான் எண் இருந்தது. எழுபத்தொரு சதவீதம் வந்தபோது எங்கள் ஆபீஸ் மெஷினில் இடம் தீர்ந்து, டம்ப் அறுந்துபோனது. காலை நேரம், டாக்டர்கள் வார்டில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுரேஷ்பாபு சார் பயந்துபோய் அன்றைக்கே எண்ணை மாற்றி, இனிமேல் இரண்டு நிமிடத்தில் முடிகிற மாதிரி செய்துவிட்டு வந்தார்.

அறுந்த டம்ப்பைத் திறந்தேன். காரணம் கண்டுபிடிக்க அதுவே தாராளம். நெட்வொர்க் கார்டை ஓட்டுகிற புரோகிராமில் ஒரு தெரிந்த கோளாறு. அதற்குத் திருத்தம் வந்து ஆறு மாதம் ஆகிறது. போட்டால் பத்து நிமிட வேலை. பதினொன்றரை மணிக்கு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அதோடு மூடியிருக்கவேண்டும். நான் டம்ப்பில் என் பெயரைத் தேடினேன்.

அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். சர்வர் இருக்கும் அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. போன் சிக்னல் வராது. அதனால் சுரேஷ்பாபு சார் அங்கே போனால் அந்த சர்வரிலேயே ஆபீஸ் சாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார். செய்யக்கூடாதுதான். ஆனால் செய்வார். மெஷின் விழுந்து எழுந்தாலும் அந்தப் பக்கம் தானாகத் திறந்துகொள்ளும், பழைய செய்திகளும் நினைவகத்தில் வந்து உட்கார்ந்துவிடும். டம்ப்பில் அதெல்லாம் எழுத்தெழுத்தாகக் கிடக்கும். என் வேலை நிரந்தரமாகுமா என்று அந்த வாரம்தான் தெரியவேண்டும். நைனா, என் அப்பா, தினமும் போன் செய்துகொண்டிருந்தார். "இன்னாம்மா, பர்மெண்ட் ஆயிட்ச்சா? ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன்" என்பார். சொல்லாதே நைனா என்றாலும் கேட்கமாட்டார். அதனால் தேடினேன்.

கிடைத்தது. இங்கிலீஷ் எழுத்தில் தெலுங்கு. முரளிதரன் சார் கேட்டிருந்தார், டீமில் ஒருவரைக் குறைக்கவேண்டும், யாரை என்று. கீழே சுரேஷ்பாபு சார் பதில்.

காஞ்சனானி தீசெய்.

அவ்வளவுதான். அந்த இடத்தில் டம்ப் அறுந்திருந்தது. தீசெய் என்றால் தூக்கிவிடு. காஞ்சனாவைத் தூக்கிவிடு.

மேடம், உங்களுக்குத் தெலுங்கு தெரியும். நம் இரண்டு மொழியிலும் வேண்டாம் என்கிறது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். தீசெய் என்றால் தூக்கு. தீசெய்யொத்து என்றால் தூக்காதே. வால் அறுந்தால் தலைகீழ். இன்னொன்றும் உண்டு. தனக்கு மேலே இருக்கிறவருக்கு யாரும் தீசெய் என்று மொட்டையாக எழுதமாட்டார்கள். தீசெய்யண்டி என்று மரியாதை சேர்த்துத்தான் எழுதுவார்கள். அந்த மரியாதை இல்லாததே, சொல் இன்னும் முடியவில்லை என்று காட்டியிருக்கவேண்டும். எனக்கு அது கண்ணில் படாமல் இல்லை. ஒரே ஊர்க்காரர்கள், என்னைப் பற்றிப் பேசும்போது மரியாதை எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ரிப்போர்ட் எழுதினேன். காரணம் தெரியவில்லை, டம்ப் முழுமையாக வரவில்லை, இன்னொரு முறை விழுந்தால்தான் சொல்ல முடியும்.

சுரேஷ்பாபு சார் அதைப் படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னொருவாட்டி உழணுமா? காஞ்சனாம்மா, அது ஹார்ட் வார்டும்மா."

"டம்ப் இல்லாம நான் இன்னா சார் பண்றது? ஜோசியமா பாக்கறது?"

"சரி சரி, கோச்சுக்காதே. நீ சொன்னா சரிதான்" என்றார்.

நீ சொன்னா சரிதான். என்னைத் தூக்கச் சொல்லிவிட்டு என்னிடமே இப்படிச் சொல்கிறாரே என்று இருந்தது. ஆனால் முழு வாக்கியமும் எனக்குத் தெரியாது. காரணம் என்ன சொல்லியிருக்கிறார்? என் வேலை சரியில்லை என்றா, வாய் சரியில்லை என்றா? மீதியைப் படிக்கவேண்டும். அவரிடமே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். டம்ப்பில் என் பெயரைத் தேடினேன் என்று ஒப்புக்கொண்டால்தானே கேட்க முடியும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு எண்ணை மாற்றினேன். வடிகட்டிய டம்ப்பில் சாட் வராது. இரண்டு நிமிடக் கணக்கு போய், முழு நினைவகமும் அனுப்புகிற பழைய எண் திரும்ப வந்தது. எங்கள் ஆபீஸ் மெஷினில் பழைய கோப்புகளை அழித்து இடமும் செய்தேன், இந்த முறை அறுந்துபோகாமல் இருக்க. அந்த சர்வரில் நுழைய ஆஸ்பத்திரி ஒரே ஒரு ஐடிதான் கொடுத்திருக்கிறது, சுரேஷ்பாபு சார் பெயரில். பாஸ்வர்டு எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்தான் சொல்லிக் கொடுத்தார், அவசரத்துக்கு யாரும் தவிக்கக்கூடாது என்று. அந்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அது தற்செயல் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அவர் ஆபீஸிலிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேரும்வரை காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு சர்வர் விழுந்தது. டம்ப் வர ஆரம்பித்தது. என் ஸ்கிரீனில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு எட்டுக்கு இதய வார்டிலிருந்து மோனிகா சிஸ்டர் போன் செய்தார். "ஸ்கிரீன் மொத்தம் கறுப்பாகீது மேடம். எப்ப வரும்?"

"வந்துகினே இருக்கு சிஸ்டர்."

"போனவாட்டி மாதிரி லேட் ஆவுமா? நான் ஒருத்திதான் கீறேன். ஒவ்வொரு பெட்டா கைல பாத்துக்கினு போறேன்."

"பாத்துக்கினே இருங்க சிஸ்டர். ஆயிடும்."

அப்போது நாற்பது சதவீதம் கூட ஆகவில்லை. அதை நான் பாதியில் நிறுத்தியிருக்கலாம். எங்கள் பக்கம் வாங்குவதை நிறுத்தினால் போதும், அந்த சர்வர் அனுப்புவதை விட்டுவிட்டு உடனே எழுந்திருக்கும். இரண்டு பட்டனை அழுத்துகிற வேலை. விரல் கீபோர்டு மேல்தான் இருந்தது. எழுபது வந்தது. எழுபத்தொன்றில் போன முறை அறுந்தது. எழுபத்தொன்று தாண்டியது. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

நாலு இருபத்தொன்றுக்கு ஸ்கிரீன் வந்தது. பதினேழு துடிப்புகள் ஓடின. பதினாலாவது படுக்கைக்கு வெறும் நேர்கோடு. மோனிகா சிஸ்டர் ஒன்றாம் படுக்கையிலிருந்து ஆரம்பித்து ஒன்பதுவரை வந்திருந்தாராம். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. வரிசையாகத்தான் போக முடியும்.

தனபாக்கியம் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பங்காருபாளையம். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள்.

அவர் மகன் கோவர்த்தனன் ஆறு மணிக்கு வந்தார். மாங்காய் லோடு ஏற்றிவிட்டு நேராக வந்திருந்தார், சட்டையில் மாங்காய்ப் பால் கறை. நானும் முரளிதரன் சாரும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் கழுத்தில் கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"காத்தால இட்லி துன்னுச்சு சார். லோடு ஏத்திட்டு வாடா, அவசரம் இல்லன்னுச்சு. டிவி நின்னுபூட்ச்சு, அதான்றாங்க. டிவி நின்னா எங்கம்மாவுக்கு இன்னா சார்?"

முரளிதரன் சார் என்னைப் பார்த்தார். டெக்னிக்கலாக விளக்கத் தெரிந்தவள் நான்தானே.

சனிக்கிழமை நான் எழுதிய ரிப்போர்ட் உங்கள் கேஸ் கட்டில் இருக்கிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன். சர்வர் பழைய கோளாறினால் விழுந்தது. டம்ப் அளவு செவ்வாய்க்கிழமை சுரேஷ்பாபு அவர்களின் ஐடியிலிருந்து அதிகமாக்கப்பட்டதால் ஸ்கிரீன் வருவதற்குப் பத்தொன்பது நிமிடம் ஆனது. இரண்டாவது வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அதை வைத்து சுரேஷ்பாபு சாரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "ஐடி என்னுது சார். பாஸ்வர்டு எல்லாருக்கும் குடுத்ததும் நான்தான். அப்போ தப்பு என்னுதுதானே" என்றார். யார் செய்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்த எண்ணைத் தொடத் தெரிந்தவர்கள் ஆபீஸில் இரண்டே பேர். கேஸ் போட்டார்கள். வேலை போனது. இப்போது தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியில் உட்கார்ந்திருக்கிறார். நான் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போகிறேன். பத்து நாளாக மறுபக்க ஜன்னலில் உட்காருகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு, இதோடு போதும் என்று கையெழுத்துப் போடப் பார்த்தேன். இதைப் படித்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? ஒரு பெண், ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டாள், ஒரு எண்ணை மாற்றினாள், நேரம் பார்த்து மெஷின் விழுந்துவிட்டது. பாவம் என்று கூட நினைப்பீர்கள். எனக்கே அப்படித் தோன்ற ஆரம்பித்துவிட்டது. அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

மெஷின் விழவில்லை. செவ்வாய் முழுக்க, புதன், வியாழன் காத்திருந்தேன். விழவே இல்லை. ஒரு சர்வரை வேண்டுமென்றே சாகடிக்க ஒரு கட்டளை உண்டு. டம்ப் சரியாக வருகிறதா என்று சோதிப்பதற்காக வைத்திருப்பது. யாரும் உபயோகத்தில் இல்லாத புது மெஷினில்தான் போட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் போடவேண்டியது ஒரே ஒரு எழுத்து. வெள்ளிக்கிழமை நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு என் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் போட்டேன்.

நாலு மணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது பார்வையாளர் நேரம். ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் வீட்டு ஆள் ஒருவர் இருப்பார், ஏதாவது ஆனால் கூப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன். மாங்காய் சீசன் என் கணக்கில் வரவில்லை. வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அன்றைக்கு சுரேஷ்பாபு சார் லீவு போட்டு அவர் அம்மாவைத் திருமலைக்கு அழைத்துப்போயிருந்தார். தரிசன வரிசைக்குப் போகிறவர்கள் போனை கவுன்டரில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது. கேட்டிருந்தால் அங்கிருந்தே ஆபீஸுக்குப் போன் செய்து, இரண்டே நிமிடத்தில் டம்ப்பை நிறுத்த வைத்திருப்பார்.

அந்த இரண்டாவது டம்ப்பை நான் அழிக்கவில்லை. பென்டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். யாராவது தெரிந்தவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். கோளாறினால் விழவில்லை, ஆள் கை வைத்து விழுந்தது என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். நேரமும் இருக்கும். அந்த நேரத்தில் சுரேஷ்பாபு சார் வரிசையில் நின்றதற்கு போன் கவுன்டரில் பதிவு இருக்கும். சர்வர் தானாக விழுந்தது என்று நான் எழுதிவிட்டதால், யார் எங்கே இருந்தார்கள் என்று யாருமே கேட்கவில்லை.

தனபாக்கியம் அம்மாவைக் கொன்றது நான். அவர் பெயர் கூட அப்போது எனக்குத் தெரியாது.

டம்ப் வந்து முடிந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யாமல், என் பெயரைத் தேடினேன். இந்த முறை முழுசாக இருந்தது. காஞ்சனானி தீசெய்யொத்து சார். ஆ அம்மாயி லேகபோத்தே டம்ப் சதிவேவாள்ளு எவரூ லேரு. காஞ்சனாவைத் தூக்கவேண்டாம் சார், அந்தப் பெண் இல்லாவிட்டால் டம்ப் படிக்க ஆளே இல்லை. அதற்குக் கீழே, ஒருவரைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் என்னைக் குறையுங்கள் என்று இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. வார்டிலிருந்து அடுத்த போன் வரும்வரை சந்தோஷமாகவே இருந்தேன்.

மேடம், இந்த வாக்குமூலத்தை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள். சுரேஷ்பாபு சார் எழுதிய அந்த இரண்டு வரியை மட்டும் வெட்டாமல் அப்படியே அறிக்கையில் போடுங்கள், நைனா கோர்ட்டுக்கு வருவார், என் வேலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவேண்டும்.